மடுவத்தில் முதல் பந்தி

ஏணியின் காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு மனோரஞ்சிதம் அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

“அந்த மூலையில ஒண்ணு போடுடி.”

மேலே அவள் மகள் டிலானி, வாயில் ஆணிகளைக் கவ்வியபடி, கொழுந்து மடுவத்தின் விட்டத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். ஆணிகளைக் கையில் துப்பிவிட்டுக் கேட்டாள்.

“அங்க எதுக்கும்மா? அங்க சோத்து அண்டாதானே வரப்போகுது?”

“சோறு போடுறவளுக்குக் கண்ணு தெரிய வேணாமா? ரசத்த எலையில ஊத்துறேன்னு சம்பந்தி மடியில ஊத்திட்டா?”

“ஊத்தட்டும். அவரு கடையிலதான் சோப்பு இருக்கே.”

மனோரஞ்சிதம் சிரித்தாள். ஏணி ஆடியது.

“அம்மா, ஒண்ணு சிரிங்க, இல்லாட்டி ஏணியப் புடிங்க. ரெண்டையும் சேத்துச் செய்யாதீங்க.”

அது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கொழுந்து மடுவம் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. தகரக் கூரை, இடுப்பளவு சுவர், அதற்கு மேலே நாலு பக்கமும் திறப்பு. தேயிலை மலையில் பறித்த கொழுந்தைப் பெண்கள் அங்கே சுமந்து வருவார்கள். தராசில் நிறுத்ததும் லொறி ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும். வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால், கல்லோடைத் தோட்டத்தின் மேற்பிரிவில், ரோட்டு வளைவில் நிற்கிறது அது. சிமெந்துத் தரையில் கொழுந்துச் சாறு ஊறி ஊறி, எத்தனை கழுவினாலும் போகாத பச்சைக் கறை. அந்தக் கறையின் மேல்தான் தை மாதக் கடைசியில் டிலானிக்குக் கல்யாணம்.

டிலானி இறங்கி வந்து சுவிட்சைப் போட்டாள். விட்டம் முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் பல்புகள் எரிந்தன. மனோரஞ்சிதம் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வேலையைச் சரி பார்க்கிற கங்காணியின் பார்வை.

“பரவாயில்ல. நான் பூசியிருக்கிற பவுடர் சம்பந்தியம்மாவுக்குத் தெரியும்.”

பிறகு சுவரோரம் உட்கார்ந்து, முன்பு விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி குத்தாமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த துணிக்குப் படங்கு என்று பெயர். கிழிந்த படங்குகளை, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்க் கேட்டு வாங்கி, துவைத்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் பெரிய திரையாக்கிக்கொண்டிருந்தாள். மடுவத்தின் திறந்த பக்கங்களை அதைக் கொண்டு மூடுவது என்பது திட்டம். இல்லாவிட்டால் பனிக்காற்றில் சோறு ஆறிப்போகும்.

“மழை பெஞ்சா தகரச் சத்தத்துல ஐயர் சொல்ற மந்திரம் கேக்காதும்மா.”

“கேட்டா மட்டும் ஒனக்கு வெளங்கிறப் போகுதா? நேரம் வந்தா நான் கையக் காட்டுறேன். மாப்பிள்ள தாலியக் கட்டட்டும்.”

டிலானி கொழும்பில் லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்றில் டெக்னீஷியன். அந்தி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

“வரும்போது சாக்கு ஊசி ரெண்டு வாங்கிட்டு வா. இது மொட்ட.”

“சரிம்மா.”

அவ்வளவுதான் பேசினார்கள்.

மடுவத்தில் கல்யாணம் என்ற யோசனை மனோரஞ்சிதத்துக்கு வந்தது ஒரு லொறியில். முந்தின வருஷம் தோட்டத்து டிரைவர் ஒருவர் தன் மகளுக்கு டவுன் மண்டபத்தில் கல்யாணம் வைத்தார். மேற்பிரிவிலிருந்து பெண்கள் கொழுந்து லொறியில் போனார்கள். முதல் பந்தி காரில் வந்தவர்களுக்கு. இரண்டாம் பந்தியும் அவர்களுக்கே. லொறியில் வந்தவர்கள் படிக்கட்டில் நின்று மற்றவர்கள் ஏப்பம் விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் பந்தியில் வடை தீர்ந்திருந்தது. பாயாசத்தில் ஜவ்வரிசியைத் தேட வேண்டியிருந்தது. மனோரஞ்சிதம் இலையை மூடிவிட்டு எழுந்தாள். திரும்பி வரும் லொறியில், பெண்கள் எல்லோரும் பேசாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் வாயைத் திறந்தாள்.

“எம் மக கல்யாணம் நம்ம மடுவத்துல. மொதப் பந்தி நம்ம செட்டு. காருல வர்றவங்க காருக்குள்ளயே ஒக்காந்திருக்கட்டும்.”

லொறி முழுக்கச் சிரிப்பு. அப்போது டிலானிக்கு மாப்பிள்ளையே பார்த்திருக்கவில்லை.

மாப்பிள்ளையை டிலானியே பார்த்துக்கொண்டாள். கோகுலராஜ், கொழும்பில் கணக்கு வேலை பார்க்கிறவன். ரயிலில் வந்த பழக்கம். அவனுடைய அப்பா செல்லசாமி வலப்பனை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், மூன்று தலைமுறையாகக் கடைக்காரக் குடும்பம். பெண் பார்க்க லயத்துக்கு வந்த அன்றே மண்டபத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தார். மனோரஞ்சிதம் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

“மண்டபம் வேணாங்க சம்பந்தி. மடுவம் இருக்கு.”

“மடுவமா? கொழுந்து நிறுக்கிற எடத்துலயா?”

“ஒங்க கடையில சாமானத் தராசுல வச்சிட்டு அந்த எடத்துலயே சாமி கும்புடுறீங்கல்ல? அது மாதிரிதான்.”

செல்லசாமி தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார். பதில் கிடைக்கவில்லை. சம்மதித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மனோரஞ்சிதத்துக்கு ஓய்வில்லை. சமையல்காரன் வேண்டாம், வீட்டுக்கு ஒரு சட்டிக் கறி. எந்த லயம் லீக்ஸ், எந்த லயம் பீட்ரூட் என்று அவளே பிரித்துக் கொடுத்தாள். பந்தல்காரன் வேண்டாம், கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளே போதும். அவள் புருஷன் தம்பையா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குகிறவர். நாளெல்லாம் வெட்டிவிட்டு வந்து, அந்தியில் அதே கிளைகளை வளைத்து மணவறைக்கு வளைவு கட்டினார். “நான் பாட்டுக்கு வெட்டிப் போட்டுட்டு வர்றேன், இவ பாட்டுக்குத் தூக்கிட்டு வாங்குறா” என்று அலுத்துக்கொண்டார். ஆனால் கட்டிய வளைவைத் தள்ளி நின்று பார்த்து, பிடிக்காமல் அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

இப்படி எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மேற்பிரிவுப் பெண்கள் தராசைக் காட்டுவார்கள். மலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரைத் தோட்டத்தில் கண்டாக்கு என்பது வழக்கம். கண்டாக்கு பொன்னையா, கொழுந்து ஈரமாக இருந்தால் தண்ணீர்க் கழிவு என்று எடையில் குறைப்பார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். மனோரஞ்சிதம் சாக்கைத் தராசிலிருந்து இறக்கவே விடமாட்டாள்.

“ஐயா, மழை பெஞ்சா கழிக்கிறீங்க. வெயில் அடிச்சாக் கூட்டுவீங்களா?”

“மனோரஞ்சிதம், பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”

“நிக்கட்டுங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்.”

பின்னால் நிற்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பொன்னையா பாதியை விட்டுக்கொடுப்பார். சில நாள் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் அவள் கேட்காமல் விட்ட நாள் இல்லை.

ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை. டிலானி ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்று தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. காளியாயி. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவள். டிலானிக்குப் பெரியம்மா முறை.

“பாப்பா, வேலையில இருக்கியா?”

“ஆமா பெரியம்மா, சொல்லுங்க.”

“ஒங்க அம்மாவக் குளவி கொட்டிருச்சி. இன்னும் நாலஞ்சு பேத்துக்கும். மடுவத்துக்குத் தூக்கிட்டு வந்திருக்கோம். லொறி வருது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் போறோம்.”

டிலானி பதறவில்லை. குளவி கொட்டாத வருஷம் தோட்டத்தில் கிடையாது. முகம் பூசணிக்காய் போல வீங்கும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு நாள் வைத்திருப்பார்கள். மறுநாள் வீங்கிய கண்ணோடு வந்து நின்று எல்லோரையும் சிரிக்க வைப்பார்கள். அம்மாவுக்கே முன்பு ஒரு முறை கொட்டியிருக்கிறது. சரி, அந்தியில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கையிலிருந்த போல்டை முறுக்கினாள். அளவு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். கருவிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு மேலே ஏறி வந்து, தானே காளியாயியைக் கூப்பிட்டாள்.

தகரத்தில் மழை விழும் இரைச்சல் கேட்டது. இன்னும் மடுவத்தில்தான் நிற்கிறார்கள்.

“பெரியம்மா, லொறி வரல்லையா?”

“வந்திருச்சி பாப்பா.”

“ஏத்தியாச்சா?”

“ஏத்தல.”

“ஏன்?”

 மழை மட்டும் கேட்டது. டிலானி போனைக் காதில் வைத்தபடி, தான் முறுக்கி முடித்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இம்மியும் பிசகாமல் நேராக இருந்தது.

கோகுலராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அம்மாவை லயத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்து டிலானி ஒரு நிமிஷம் இது வேறு யாரோ என்றே நினைத்தாள். வேறு யாரையோ கிடத்திவிட்டு எல்லோரும் தப்பாக அழுகிறார்கள், அம்மா உள்ளே அடுப்படியில் இருக்கிறாள் என்று நினைத்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது.

தம்பையா அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் எழுந்து போய்க் கையைப் பிடித்துச் சொன்னார்.

“வாங்க, வாங்க. சாப்புட்டுட்டுத்தான் போகணும்.”

கல்யாணத்தன்று வாசலில் நின்று சொல்ல வேண்டும் என்று மனோரஞ்சிதம் பழக்கிவைத்திருந்த பேச்சு அது. கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கும் அவரைத் தடுக்கத் தெரியவில்லை.

காளியாயி நடந்ததைச் சொன்னாள். மலையில் மரத்துக் கூடு கலைந்து குளவி இறங்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். மனோரஞ்சிதத்தின் படங்கு செடியில் மாட்டிக்கொண்டது. தூக்கிக்கொண்டு வந்தபோது பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

“மழ இருட்டு பாப்பா. எங்க எங்க கொட்டியிருக்குன்னே தெரியல. யாரோ சுவிச்சப் போட்டுட்டாங்க. நீ மாட்டுன அத்தன பல்பும் எரிஞ்சிச்சி. ஒங்க அம்மா மேல பாத்தா.”

“ஏதாச்சும் சொன்னாங்களா?”

காளியாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“‘ஒண்ணு எரியலையே’ன்னு சொன்னா. அதுக்கப்புறம் பேசல.”

டிலானி அதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். எல்லாம் எரிந்தன. சோதித்துவிட்டுத்தான் போனாள். அம்மாவும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எரியாமல் எப்படிப் போகும்? புதைக்கப் போகும்போதும், மண் போட்டுவிட்டு வந்து குளிக்கும்போதும், அவள் தலைக்குள் அந்த ஒரு கேள்விதான் இருந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் அந்தப் பல்பு நின்றது.

செல்லசாமி அடக்கம் முடிந்து போகுமுன் அவளிடம் வந்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

“அம்மாடி, இந்த நேரத்துல பேசக்கூடாது. ஆனா பேசித்தான் ஆகணும். ஒண்ணு ஒரு வருஷம் தள்ளணும். இல்லாட்டி முப்பது நாளுக்குள்ள முடிச்சிரணும். நாம வச்ச தேதி முப்பதுக்குள்ளதான் வருது. நீயும் தனியா நிக்க வேணாம். முடிச்சிருவோம்.”

“சரிங்க மாமா.”

“ஆனா மடுவம் மட்டும் வேணாம்மா. சாவு விழுந்த எடம். எங்க வீட்டுப் பொம்பளைங்க படி ஏற மாட்டாங்க. மண்டபத்துக்கு நான் சொல்லிக்கிறேன். ஒங்க அம்மா இருந்தா என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. எனக்குத் தெரியும். ஆனா அவங்க இல்லையே.”

 அவர் சொல்வதில் பிழை இல்லை. அம்மா மல்லாந்து கிடந்த தரையில் மணவறை போட்டு உட்கார முடியுமா? அந்தப் பல்புகளைப் பார்த்துக்கொண்டு கழுத்தை நீட்ட முடியுமா? அம்மாவின் திட்டமெல்லாம் அம்மாவோடு போய்விட்டது என்றுதான் தோன்றியது.

புதைத்த இடத்தில் பால் தெளித்த மறுநாள் காலை கருவிப் பையை எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனாள். எரியாத பல்பைப் பார்க்க வேண்டும். பார்த்த கையோடு எல்லா வயரையும் கழற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

வளைவைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

மடுவத்துக்குள் காலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தராசு இருந்த இடத்திலேயே இருந்தது. பெண்கள் சாக்கை முதுகிலிருந்து இறக்கி, வரிசையில் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். முகம் இன்னும் வீங்கியிருந்த ஒருத்தியும் வரிசையில் நின்றாள். அம்மாவைக் கிடத்திய இடத்தில் கொழுந்துச் சாக்குகள் கிடந்தன.  இவர்களால் எப்படி முடிகிறது?

“பெரியம்மா, இங்கயேவா நிறுக்குறீங்க?”

காளியாயி திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. கேள்விதான் அவளுக்கு விளங்கவில்லை.

“வேற எங்க பாப்பா நிறுக்குறது?”

“இல்ல, அம்மா இங்கதானே…”

“ஆமா, இங்கதான். அதுக்காக எங்களுக்கு வேற மடுவமா கட்டிக் குடுப்பாங்க? அடக்கத்துக்கு மறுநாளே நிறுத்தோம். நேத்தும் நிறுத்தோம். நாளைக்கும் நிறுப்போம்.” சாக்கை ஒரு தள்ளுத் தள்ளினாள். “ஒங்க அம்மா கெடந்த எடத்துல என் சாக்க வைக்கிறப்ப, ‘கொஞ்சம் தள்ளிக்கடி’ன்னு சொல்லிட்டுத்தான் வைக்கிறேன். வேற என்ன செய்ய?”

பக்கத்தில் நின்றவள் சிரிக்கப் போய், சிரிக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டிலானி ஏணியைச் சுவரில் சாய்த்து மேலே ஏறினாள். மூலைப் பல்பு. அண்டாவுக்காக என்று அம்மா கேட்டு வாங்கிப் போட்டது. ஹோல்டரில் கொஞ்சம் தளர்ந்திருந்தது, காற்றில் ஆடியிருக்கும். அரைச் சுற்று முறுக்கினாள். எரிந்தது. கழற்ற வேண்டும் என்று வந்தது நினைவிருந்தது. கை கழற்றவில்லை.

கீழே இருந்து குரல் வந்தது. கண்டாக்கு பொன்னையா.

“தங்கச்சி, அம்மா விசயம் கேட்டு எனக்கு நாலு நாளாத் தூக்கம் இல்ல. இத அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன், கேக்க வாய் வரல. இந்த பல்பெல்லாம் எதுக்கு?”

“கல்யாணத்துக்குத்தான் ஐயா.”

“இங்கயா கல்யாணம்?”

 சாக்கைத் தூக்கிய ஒருத்தி தூக்கியபடியே நின்றாள்.

“ஆமா ஐயா, எனக்கு. தை மாசம். இங்க. அம்மா ஒங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே?”

“என்கிட்ட யாரும் சொல்லல்லையே. நீ டவுன்ல கட்டுறேன்னுல்ல நான் நெனச்சேன்.” அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். “தொரைகிட்ட நேரா கேட்டுட்டாங்களோ?”

போனை எடுத்துப் பெரிய கிளாக்கரிடம் பேசினார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை, தமிழில் இரண்டு வார்த்தை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். தோட்டத்து மேனேஜரான தொரைக்கும் தெரியாது. ஆபிசில் யாருக்கும் தெரியாது.

டிலானி ஏணியில் நின்றபடியே விட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அழைப்பிதழில் மடுவத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. வலப்பனைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு லயத்திலும் வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. தராசு முன்னால் அத்தனை பேர் நடுவில் வாயைத் திறக்கிற அம்மா, ஒரு வாய் வார்த்தை கேட்காமலா இவ்வளவும் செய்தாள்?

பொன்னையா போன பிறகு காளியாயியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஒங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?”

காளியாயி விரலிலிருந்த கொழுந்துக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னா. நானும் நம்பினேன். போன மாசம் ஒரு நா அந்தியில ஆபிஸ் பக்கம் போனா, பாதி வழியில திரும்பி வந்துட்டா. ‘என்னடி’ன்னேன். ‘தொரை போன்ல இருக்காரு’ன்னா. இன்னொரு நா போனா. ‘சேல சேறு’ன்னு திரும்பிட்டா. அப்பத்தான் புடிச்சிக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘கேட்டா குடுத்துருவாங்கக்கா. அதான் பயமா இருக்கு’ன்னா.”

டிலானிக்கு விளங்கவில்லை.

“நீ இங்க நின்னவ இல்ல பாப்பா, ஒனக்குத் தெரியாது. ஒரு தடவ ஐயா கையால ஒண்ணு வாங்கிட்டா, மறுநா ஈரக் கொழுந்துன்னு கழிக்கிறப்ப வாயத் தொறக்க முடியுமா? ‘ஒன் மக கல்யாணத்துக்கு மடுவம் குடுத்தோம்ல’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். முடிஞ்சி போச்சி. ஒங்க அம்மா கத்துனாத்தானே எங்களுக்கும் கொஞ்சம் கொறையிது? அவ வாய அடைக்கிறது எங்க வாயவும் அடைக்கிற மாதிரி.” காளியாயி தராசைப் பார்த்தாள். “அப்படியே தள்ளிக்கிட்டு இருந்தா. ‘கடைசில கேட்டுக்கலாம், கல்யாணத்துக்கு மொத நா கேட்டா, கொஞ்ச நா மட்டும் வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும்’னு சிரிச்சா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் போய்க் கேட்டிருப்பேன்.”

“அதுக்குத்தான் சொல்லல. நீ கேட்டாலும் மனோரஞ்சிதம் மக கேட்டான்னுதான் வரும்.”

பகல் கொழுந்துக்குப் பெண்கள் மலை ஏறிவிட்டார்கள். டிலானி தனியாக மடுவத்தில் உட்கார்ந்திருந்தாள். பழுது என்றால் எங்கே என்று கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியும். ஒரு முனையிலிருந்து சோதித்துக்கொண்டே போக வேண்டும். அப்படித்தான் இதையும் சோதித்தாள். செல்லசாமி மாமா சொல்வது சாவு விழுந்த இடம் என்று. அதே இடத்தில் நிரை முழுக்க வந்து நின்று நிறுத்துவிட்டுப் போகிறது. அவர்களைப் படியில் நிறுத்திவிட்டு மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டால், அம்மா லொறியில் நின்று சொன்ன ஒரு வார்த்தையும் மிஞ்சாது. அந்த முனை சரி. மீதி ஒன்றுதான். கேட்க வேண்டும்.

கேட்டால் அம்மாவின் வாய் அடைபடும் என்பதால் அம்மா கேட்கவில்லை.

அவள் யோசனை அந்த இடத்தில் நின்றது. மேலே போக முடியவில்லை. பிறகு அது அவளுக்கு விளங்கியது.  இப்போது கேட்கலாம். தடை ஒன்றும் இல்லை. இனிமேல் அம்மா தராசு முன்னால் நிற்கப் போவதில்லை. யாரும் எதையும் சொல்லிக் காட்ட முடியாது. செத்துப்போனவளிடம் எதைக் கழிக்க முடியும்?

நாலு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கோகுலராஜைக் கூப்பிட்டாள்.

“மடுவத்துலதான் கோகுல்.”

கோகுலராஜ் கேட்டான்.

“அப்பா?”

“அவங்க வந்தா சந்தோசம். ஆனா ரெண்டாம் பந்திதான். மொதல்ல அம்மா செட்டு.”

கோகுலராஜ் சிரிக்கப் பார்த்தான். 

“அப்பாவ நான் பாத்துக்கிறேன். அவருக்கு வழக்கம் பெருசில்ல, பொம்பளைங்க வாய்க்குத்தான் பயம். நான் பேசுறேன். எங்க அம்மாவ என்ன செய்யிறதுன்னு மட்டும் தெரியல.”

“வரட்டும். வராட்டியும் பரவாயில்ல. கூப்புட வேண்டியது நம்ம கடமை.”

“ஆபிஸ்ல குடுப்பாங்களா?”

“தெரியாது. இன்னும் கேக்கல.”

லயத்துக்கு வந்து சேலையை மாற்றினாள். தம்பையா வாசலில் குந்தியிருந்தார். அவர் வளைத்துக் கட்டிய கிளை வளைவு சுவரில் சாய்த்திருந்தது, இலை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தார்.

“எங்க கெளம்பிட்ட?”

“ஆபிசுக்குப்பா. தொரையப் பாக்க. மடுவத்துக்குக் கேக்கணும்.”

தம்பையா நிமிர்ந்து பார்த்தார். சாவுக்குப் பிறகு அன்றுதான் அவர் மகளின் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, சலித்துக்கொள்கிற பழைய குரலில் கேட்டார்.

“ஒங்க அம்மா இன்னும் போகலையா?”

டிலானி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“போகலப்பா. நான் போறேன்.”